காட்டு ரோஜாப் பழம்: வேலியோரத்திலிருந்து மாத்திரைப் புட்டி வரை

நான் இருப்பது தென் ஜெர்மனியில், ஸ்வேபிஷ் ஆல்ப் மலையடிவாரத்தில். ஆட்டுமந்தைகள் மேயும் சரிவுகளிலும் வயல் ஓரங்களிலும் காட்டு ரோஜாப் புதர்கள் இங்கே தானாக வளர்ந்து கிடக்கும். ஜூன் மாதத்தில் வெளிறிய ரோஸ் நிறத்தில் ஐந்து இதழ்ப் பூ. செப்டம்பர் கடைசியில் அதே கிளைகளில் விரல்நுனி அளவுக்குச் சிவப்புச் சிவப்பாகப் பழம். ஜெர்மன்காரர்கள் ஹாகெபுட்டே என்பார்கள். சத்து மாத்திரைப் புட்டிகளில் 'ரோஸ் ஹிப்ஸ்' என்று அச்சடித்திருப்பதும் இதைத்தான்.

ஊரிலிருந்து வரும் வாட்ஸ்அப் செய்திகளில் இந்தப் பழம் எல்லா நோய்க்கும் மருந்தாகிவிடுகிறது. மூட்டுவலி, சர்க்கரை, முகச் சுருக்கம், சளி என்று பட்டியல் நீள்கிறது. பல வருடங்களாக இதைப் பறித்து, காயவைத்து, கூழாக்கி, முழங்கால் வலிக்குப் பொடியாகவும் சாப்பிட்டுப் பார்த்தவள் என்ற முறையில் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. சமையலறையில் இதற்கு நல்ல இடம் இருக்கிறது. மருந்து அலமாரியில் ஒரு சின்ன இடம் மட்டுமே, அதுவும் சில நிபந்தனைகளோடு.

முதலில் பழத்தை வெட்டிப் பார்த்துவிட வேண்டும். வெளியே மெல்லிய சதை, உள்ளே கெட்டியான விதைகள், விதைகளைச் சுற்றி நுண்ணிய முடி. தாவரவியல்படி அந்த விதை போன்றவைதான் உண்மையான கனிகள். நாம் சாப்பிடும் சிவப்புச் சதை, பூவின் அடிக்கிண்ணம் பருத்து வந்தது. இதில் நினைவில் வைக்க வேண்டியது அந்த முடி. தோலில் பட்டால் அரிக்கும், தொண்டையில் பட்டால் உறுத்திக்கொண்டே இருக்கும். பக்கத்து வீட்டுப் பாட்டி, சிறுவயதில் அந்த முடியைச் சுரண்டியெடுத்து மற்றப் பிள்ளைகளின் சட்டைக் காலருக்குள் போடுவதுதான் இலையுதிர்கால விளையாட்டு என்று சொல்வார். கைவைத்தியமாகவோ தேநீராகவோ எப்படிப் பயன்படுத்தினாலும் முடியை நீக்குவதில்தான் பாதி வேலை இருக்கிறது. அதை விட்டுவிட்டுத்தான் பல குறிப்புகள் 'பழத்தை அப்படியே மென்று சாப்பிடலாம்' என்கின்றன. நுனியைக் கடித்து, வெளிச்சதையை மட்டும் உறிஞ்சினால் சரி. முழுதாகக் கடித்து விழுங்கக் கூடாது.

பறிக்கப் போவது அந்தப் பாட்டியோடுதான். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. கைத்தடியை வைத்தே உயரக் கிளையை வளைத்துப் பிடிப்பார். 'நீ அழுத்திப் பார், நசுங்கினால் கூழுக்கு, நசுங்காவிட்டால் காயவைக்க' என்று அவர் சொன்ன ஒரு வரியே எனக்குப் பல வருடம் உதவியிருக்கிறது. நன்றாகச் சிவந்து, இன்னும் கெட்டியாக இருக்கும் பழத்தில்தான் வைட்டமின் சி அதிகம். காயவைக்க அதுதான் தோது. முதல் உறைபனி விழுந்த பிறகு பழம் குழைந்து, இனிப்பு கூடிவிடும். அது மசிக்க எளிது. பனிக்குக் காத்திருக்க முடியாதவர்கள் பறித்த பழத்தை ஓர் இரவு ஃப்ரீசரில் வைத்தாலே தோல் தளர்ந்துவிடும்.

எங்கே பறிப்பது என்பதிலும் கவனம் வேண்டும். நெடுஞ்சாலை ஓரம் வேண்டாம். பூங்காவிலும் வீட்டு முகப்பிலும் அழகுக்கு வளர்க்கும் ரோஜாக்கள் வேண்டவே வேண்டாம், பூச்சிமருந்து அடித்திருப்பார்கள். ஜெர்மனியில் சொந்த உபயோகத்துக்குக் கொஞ்சமாகக் காட்டுப் பழங்களைப் பறித்துக்கொள்ள இயற்கைப் பாதுகாப்புச் சட்டமே இடம் தருகிறது. ஆனால் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்கு அது பொருந்தாது, அங்கே பலகை வைத்திருப்பார்கள். ஒரு புதரை மொட்டையடிக்கவும் கூடாது. ஜனவரி பிப்ரவரியில் வேறு எதுவும் இல்லாதபோது பாடும் பறவைகள் பலவற்றுக்கு இதுதான் தீனி.

சிவப்பாக இருப்பதெல்லாம் ஹாகெபுட்டே இல்லை என்பதையும் புதிதாக வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். யூ என்ற ஊசியிலை மரத்தின் சிவப்புப் பழமும் இதே பருவத்தில் வரும்; அதன் விதையும் ஊசியிலையும் கொடிய விஷம். அதற்கு முள் கிடையாது. காட்டு ரோஜாவுக்கு வளைந்த முள், ரம்ப விளிம்புள்ள சிற்றிலைகள் ஐந்தோ ஏழோ ஒரே காம்பில், பழத்தின் நுனியில் காய்ந்த பூவின் மிச்சம். மூன்றும் சேர்ந்து இருந்தால்தான் கை வைப்பேன். வடகடல் பக்கம் போனால் மணல்மேடுகளில் ரோசா ருகோசா என்ற ஆசிய வகை பரவிக் கிடக்கிறது. அதன் பழம் சின்னத் தக்காளி போல உருண்டையாக, சதைப்பற்றோடு இருக்கும். சுத்தம் செய்ய அது சுலபம். என் பக்கத்தில் கிடைப்பதோ நீள்வட்டமான ரோசா கனினா, அதில் சதை குறைவு, பொறுமை அதிகம் வேண்டும்.

இங்கே ஸ்வேபியாவில் இந்தப் பழத்தின் கூழுக்கு ஹேகன்மார்க் என்று பெயர். பாட்டி செய்யும் முறை இது: காம்பையும் நுனியையும் கிள்ளி, பழம் மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி, நன்றாகக் குழையும்வரை வேகவைப்பார். பிறகு கைப்பிடியைச் சுற்றினால் மசித்துத் தள்ளும் மசிப்பானில் போட்டுச் சுற்றுவார். விதையும் தோலும் மேலே நின்றுவிடும். கீழே இறங்கிய கூழை மறுபடி மிக நுண்ணிய சல்லடையில் தேய்த்து எடுப்பார். முடி போவது இந்த இரண்டாவது வடிகட்டலில்தான், இதைத் தவிர்க்கவே முடியாது. ஒரு கிலோ கூழுக்கு அரைக் கிலோ சர்க்கரை, ஒரு எலுமிச்சையின் சாறு, இரண்டு மூன்று கொதி, சூடாகவே கொதிநீரில் கழுவிய கண்ணாடிப் புட்டியில். அவ்வளவுதான். அலுமினியம், செம்புப் பாத்திரம் வேண்டாம் என்பார் அவர். பழத்தின் அமிலம் அலுமினியத்தை அரிக்கும், செம்பு பட்டால் வைட்டமின் சி வேகமாகச் சிதையும். எவர்சில்வர் நல்லது. பக்கத்து ஃபிராங்கோனியாவில் இதே கூழைத்தான் திருவிழாக் காலத்தில் எண்ணெயில் பொரிக்கும் கிராப்ஃபன் பணியாரத்துக்குள் வைப்பார்கள். ஸ்வீடனில் இதைச் சர்க்கரை சேர்த்து நீர்க்கக் காய்ச்சி நீபொன்சொப்பா என்ற சூப்பாகக் குடிக்கிறார்கள், அங்கே எந்தக் கடையிலும் பாக்கெட்டில் கிடைக்கும்.

இத்தனை ஊர்க்காரர்கள் பல தலைமுறைகளாக இதை விடாமல் சாப்பிட்டு வருவதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி 100 கிராம் காட்டு ரோஜாப் பழத்தில் 426 மில்லிகிராம் வைட்டமின் சி. அதே எடை ஆரஞ்சில் சுமார் 50 மில்லிகிராம். வகை, மண், பறிக்கும் நேரம் பார்த்து இது மிகவும் மாறும். சில வகைகளில் 1000-ஐயும் தாண்டும். ஆரஞ்சு எட்டாத நாட்டில் குளிர்காலத்தை ஓட்டியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டனில் நடந்தது இதற்குச் சரியான உதாரணம். ஜெர்மன் நீர்மூழ்கிகளால் கப்பல் போக்குவரத்து தடைப்பட்டு, ஆரஞ்சு வருவது ஏறக்குறைய நின்றது. குழந்தைகளுக்கு வைட்டமின் சி எங்கிருந்து கிடைக்கும்? 1941-இல் சுகாதார அமைச்சகம் வேலியோரப் பழங்களைச் சேகரிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகளும் பெண்கள் சங்கத்தினரும் கூடை கூடையாகப் பறித்துக் கொடுத்தார்கள். எடைக்கு ஏற்பச் சில பென்ஸ் காசும் கிடைத்தது. அதைக் காய்ச்சி சிரப்பாக்கிக் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். 1943-இல் உணவு அமைச்சகம் வெளியிட்ட வீட்டுச் செய்முறையைப் படித்தபோது ஒரு விவரம் என்னைக் கவர்ந்தது. பழத்தை அரைத்த உடனே, ஒரு நிமிடமும் ஆறப்போடாமல், கொதித்துக்கொண்டிருக்கும் தண்ணீரில் போடச் சொல்கிறார்கள். ஏறக்குறைய 900 கிராம் பழத்துக்கு 1.7 லிட்டர் தண்ணீர். திரும்பக் கொதி வந்ததும் இறக்கி, கால் மணி நேரம் வைத்து, துணியில் வடிகட்ட வேண்டும். அவசரத்துக்குக் காரணம், பழத்தை வெட்டியதும் அதில் உள்ள ஒரு நொதி காற்றோடு சேர்ந்து வைட்டமின் சியை அழிக்கத் தொடங்கிவிடும். கொதிநீர் அந்த நொதியை முடக்கிவிடும். இதைப் படித்த பிறகு என் வீட்டிலும் பழத்தை முதல் நாள் இரவே வெட்டி வைக்கும் பழக்கம் இல்லை. அடுப்பில் தண்ணீர் கொதிக்கும்போதுதான் கத்தியை எடுப்பேன்.

அந்த சிரப்பின் மறுபக்கமும் தெரிந்திருக்க வேண்டும். போர் முடிந்தும் பல வருடங்கள் பிரிட்டனில் தாய்மார்கள் இதையும் இது போன்ற இனிப்புச் சாறுகளையும் பால்புட்டியிலும் சூப்பானிலும் தொட்டுக் கொடுத்து, பால்பற்கள் முன்வரிசை முழுக்கச் சொத்தையான குழந்தைகளைப் பல் மருத்துவர்கள் நிறையப் பார்த்தார்கள். நல்ல சத்தை சர்க்கரைப் பாகில் கரைத்து நாள் முழுக்க ஊட்டினால் அதுதான் நடக்கும். 'இயற்கையானது' என்று எழுதியிருந்தாலும் குழந்தைகளுக்கு வாங்கும் எந்த சிரப்பிலும் முதலில் சர்க்கரை அளவைப் பாருங்கள்.

சரி, தேநீருக்கு வருவோம். காயவைக்க, பழத்தை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, சின்னக் கரண்டியால் விதையையும் முடியையும் வழித்து, ஓடு மட்டும் எடுத்துக் கழுவ வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஓவனை 40 டிகிரியில் வைத்து, கதவில் மரக்கரண்டி சொருகி ஈரம் வெளியேற விட வேண்டும். கையில் எடுத்து உடைத்தால் படக்கென்று முறிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, புட்டியில் போட்டால் பூஞ்சணம் வரும். முழுப் பழமாகக் காயவைப்பதை நான் விரும்புவதில்லை. வெளியே காய்ந்தது போலத் தெரியும், உள்ளே ஈரம் நிற்கும்.

ஒரு கப்புக்கு இரண்டு தேக்கரண்டி காய்ந்த ஓடு, கொதிநீர் ஊற்றிப் பத்து பதினைந்து நிமிடம் மூடி வைத்து, காபி வடிகட்டும் தாளில் வடித்தால் போதும். நிறம் இளம் ஆரஞ்சு, புளிப்பு மெல்லியது. கடையில் வாங்கும் ஹாகெபுட்டே தேநீர் ரத்தச் சிவப்பாக, நாக்கு கூசும் புளிப்போடு இருக்கிறதே என்று கேட்பவர்கள் பெட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள். பெரும்பாலும் அதில் ஹைபிஸ்கஸ் என்ற செம்பருத்தி இனப் பூ கலந்திருக்கும். நிறமும் புளிப்பும் அதிலிருந்து வருகிறது. அதில் கெடுதல் ஒன்றும் இல்லை, ஆனால் ரோஜாப் பழத்துக்காகக் காசு கொடுக்கிறவர்களுக்கு எது எவ்வளவு என்று தெரிய வேண்டும். வைட்டமின் சியும் காயவைக்கும்போது கொஞ்சம், வைத்திருக்கும்போது கொஞ்சம், கொதிநீரில் கொஞ்சம் என்று குறைந்துகொண்டே போகும். 100 கிராம் புதுப்பழத்தின் கணக்கை ஒரு கப் தேநீருக்குப் போடக் கூடாது. ஜெர்மனியில் மூலிகைகளை மதிப்பிட்ட கமிஷன் ஈ என்ற நிபுணர் குழுவும் 1990-இல் இந்தப் பழத்தை மருந்தாகப் பயன்படுத்த ஒப்புதல் தரவில்லை. சளி பிடித்த நாளில் நான் இதைக் குடிப்பது, தொண்டைக்கு இதமாக இருக்கிறது, காஃபின் இல்லை, இரவில் தூக்கம் கெடாது என்பதற்காக. அதுவே எனக்குப் போதுமான காரணம்.

மாத்திரைகள் விஷயத்தில் எனக்கு வருத்தம் உண்டு. 'வைட்டமின் சி 1000, ரோஸ் ஹிப்ஸுடன்' என்று முகப்பில் பழத்தின் படம் போட்ட புட்டியை என் உறவுகளே பெருமையாக வாங்கி அனுப்புகிறார்கள். பின்பக்கச் சிறிய எழுத்தைப் பார்த்தால் பழப்பொடி இருபது, இருபத்தைந்து மில்லிகிராம் அளவில்தான் பல புட்டிகளில் இருக்கிறது. மீதி ஆலையில் தயாரான அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சி. உடம்புக்கு அந்த அமிலமும் பழத்தில் உள்ளதும் ஒன்றே. அதனால் ஏமாற்றம் உடம்புக்கு இல்லை, பர்ஸுக்கு. வெறும் வைட்டமின் சி வேண்டுமென்றால் விலை குறைந்ததை வாங்கிவிடலாம். இன்னொன்று, 1000 மில்லிகிராம் நிறையப் பேருக்குத் தேவையே இல்லை. ஜெர்மன் ஊட்டச்சத்துக் கழகம் பெரியவர்களுக்குச் சொல்வது ஆண்களுக்கு நாளுக்கு 110, பெண்களுக்கு 95 மில்லிகிராம். ஒரு குடைமிளகாய் சாப்பிட்டாலே அது கிடைத்துவிடும்.

இனி முழங்கால். என் வலது முழங்காலில் தேய்மானம் இருக்கிறது என்று எக்ஸ்ரே பார்த்துச் சொன்னார்கள். படி இறங்கும்போது வலி, காலையில் எழுந்ததும் விறைப்பு. இந்தப் பழத்தின் பொடி மூட்டுத் தேய்மானத்துக்கு உதவும் என்ற பேச்சு டென்மார்க்கிலிருந்து வந்தது. அங்கே லாங்கலாண்ட் தீவில் விளையும் ரோசா கனினா பழத்தை, விதையும் ஓடுமாக, குறைந்த சூட்டில் காயவைத்துப் பொடித்துப் பரிசோதனைகள் செய்தார்கள். அதிலிருந்து கோபோ என்று சுருக்கமாகச் சொல்லும் ஒரு கொழுப்புச் சேர்மத்தைப் பிரித்தெடுத்து, வீக்கத்தைக் குறைப்பது அதுவாக இருக்கலாம் என்றார்கள். வைட்டமின் சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 2008-இல் மூன்று பரிசோதனைகளை, மொத்தம் 287 நோயாளிகளை, சேர்த்து ஆராய்ந்த கட்டுரை ஒன்று வந்தது. ஒப்பிடுவதற்காகக் கொடுத்த, மருந்தில்லாத வெற்றுப் பொடியைச் சாப்பிட்டவர்களைவிட இதைச் சாப்பிட்டவர்களுக்கு வலி கொஞ்சம் குறைந்தது என்பது அதன் முடிவு. 'கொஞ்சம்' என்பதை அழுத்திச் சொல்கிறேன். பொடியைத் தயாரிப்பவர்களின் பணமும் அந்தப் பரிசோதனைகளில் இருந்தது, ஆட்களும் குறைவு, காலமும் சில மாதங்கள்தான்.

என் மருத்துவரிடம் கேட்டேன். 'சாப்பிட்டுப் பாருங்கள், ஆனால் தொடைத் தசைப் பயிற்சியை விட்டுவிட்டு இதை நம்பாதீர்கள்' என்றார். பரிசோதனையில் கொடுத்த அளவையே எடுத்துக்கொண்டேன்: நாளுக்கு 5 கிராம். அரை கிராம் கேப்ஸ்யூலாக வாங்கினால் காலையில் ஐந்து, மாலையில் ஐந்து. கடைகளில் 'தினம் ஒன்று' என்று விற்கும் கேப்ஸ்யூல்கள் இந்த அளவின் பக்கத்திலேயே வராது. நான் பொடியாக வாங்கித் தயிரில் கலந்து சாப்பிட்டேன். சூடான எதிலும் போடவில்லை, குறைந்த சூட்டில் காயவைத்ததே அதன் குணத்தைக் காப்பாற்றத்தான். வீட்டில் அரைத்த பொடியை இதற்கு நான் பயன்படுத்துவதில்லை. விதையோடு அரைத்தால் முடியை நம்மால் நீக்க முடியாது.

ஒரு குளிர்காலம் முழுக்கச் சாப்பிட்டதில், காலை விறைப்பு குறைந்தது. வலி மாத்திரை எடுக்கும் நாட்களும் குறைந்தன. ஆனால் அதே மாதங்களில் பிசியோதெரபி பயிற்சியையும் ஒழுங்காகச் செய்தேன், கொஞ்சம் எடையும் குறைத்தேன். எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. வசந்தத்தில் பொடியை நிறுத்திப் பயிற்சியை மட்டும் தொடர்ந்தேன். முழங்கால் பெரிதாக மாறவில்லை. யாராவது முயன்று பார்க்க விரும்பினால் இப்படிச் செய்யுங்கள் என்பேன்: மூன்று மாதம் ஒரே அளவில், வலியைத் தினமும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு. மூன்று மாதத்தில் நோட்டில் வித்தியாசம் தெரியாவிட்டால் அந்தக் காசை நல்ல செருப்புக்குச் செலவழியுங்கள். தொடக்கத்தில் வயிறு உப்புசமும் இளக்கமும் வரலாம், எனக்கும் வந்தது, பாதி அளவில் தொடங்கி ஏற்றினால் அடங்கும்.

சிலர் கேட்காமல் தொடக் கூடாது. என் மாமியார் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். அவருக்கும் பொடி கொடுக்கலாமா என்று கேட்டபோது மருத்துவர் வேண்டாம் என்றார். புதிதாக எதைச் சேர்த்தாலும் அந்த மாத்திரையின் கணக்கு மாறலாம். சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு வைட்டமின் சி அதிக அளவில் ஆகாது, அது உடம்பில் கல் உருவாகக் காரணமான ஆக்சலேட்டாக மாறும். இரும்புச்சத்து உடம்பில் அளவுக்கு மீறிச் சேரும் நோய் உள்ளவர்களும் தவிர்க்க வேண்டும், வைட்டமின் சி இரும்பை இன்னும் அதிகமாக உள்ளிழுக்கும். தட்டில் ஒரு கரண்டி கூழ் வேறு, தினசரி பொடி வேறு. இந்த எச்சரிக்கை பொடிக்கும் மாத்திரைக்கும்தான்.

முகத்துக்குத் தடவும் ரோஸ் ஹிப் எண்ணெயைப் பற்றியும் கேட்கிறார்கள். அது விதையிலிருந்து பிழிவது, சிலி நாட்டிலிருந்து நிறைய வருகிறது. வறண்ட தோலுக்கு நல்ல எண்ணெய், குளிர்காலத்தில் நானும் கையில் தடவுவேன். ஆனால் 'வைட்டமின் சி நிறைந்த எண்ணெய்' என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம். வைட்டமின் சி தண்ணீரில் கரைவது, எண்ணெயில் அது தங்காது.

சென்னையில் இருக்கும் தங்கை, ஆன்லைனில் இந்தப் பொடி வருகிறது, வாங்கட்டுமா என்று கேட்டாள். வைட்டமின் சிக்காக என்றால் நெல்லிக்காய் இருக்கும் ஊரில் இது எதற்கு? கொய்யாவும் இருக்கிறது. புதிதாகப் பறித்து, அன்றே சாப்பிடலாம். கடல் தாண்டி வந்து, கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்த பொடியைவிட அது எவ்வளவோ மேல். எனக்கு இங்கே வேலியில் கிடைப்பது இது, அதனால் இதைச் சாப்பிடுகிறேன்.

இதை நான் அதிகம் சாப்பிடுவது எந்த மருத்துவக் குணத்துக்காகவும் இல்லை, தொக்குக்காக. சர்க்கரை சேர்க்காத கூழைத் தனியாக எடுத்து வைத்துவிடுவேன். வாணலியில் தாராளமாக நல்லெண்ணெய், கடுகு, பெருங்காயம். அதில் கூழைப் போட்டு மிளகாய்த்தூள், உப்பு, கொஞ்சம் புளிக்கரைசல், ஏனென்றால் பழத்தின் புளிப்பு மட்டும் போதாது. எண்ணெய் பிரிந்து வரும்வரை கிளறி, வறுத்துப் பொடித்த வெந்தயம், சுண்டைக்காய் அளவு வெல்லம். வைட்டமின் சி இதில் பெரிதாக மிஞ்சாது, அது பரவாயில்லை. தயிர்சாதத்துக்கு அருமையாக இருக்கும். ஆல்ப் பக்கத்து ஆட்டுக்கறிக் குழம்பில் ஒரு கரண்டி போட்டால் தக்காளி வேண்டாம். பாட்டி முதலில் முகம் சுளித்தார், இப்போது ரொட்டியில் வெண்ணெய் தடவி அதன்மேல் இதைத் தடவிக்கொள்கிறார். ஈரமில்லாத கரண்டி போட்டு எடுத்தால் ஃப்ரிட்ஜில் இரண்டு வாரம் தாங்கும்; நிறையச் செய்தால் சின்னச் சின்ன டப்பாக்களில் ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள்.